மெய்க்கை, பிறத்திக்கை, றப்பர்

போன மாரி தொடங்குவதற்கு முன்னம் கொழும்பிலிருந்து ஒரு பெடியன் எங்கள் வீடு தேடி வந்தான். பழைய தலைவர்மார் கையெழுத்து வைத்த கடதாசிகளைச் சேர்க்கிறானாம். கையில் மெல்லிய வெள்ளை உறை. பைக்குள் ஊதா வெளிச்சம் அடிக்கிற ஒரு குட்டி டோர்ச்.

"அன்ரி, உங்கட பெரியம்மாட்ட நல்ல கலெக்சன் ஒண்டு இருந்ததாமே?"

யார் சொன்னது என்று கேட்டேன். சிரித்தான். கேட்ட கேள்விக்குச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு தாளை நீட்டி, "தம்பி, இதில உங்கட கையெழுத்த ரெண்டு தரம் வையுங்க" என்றேன். வைத்தான். இரண்டும் ஒன்றுபோல இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி வைக்க எழும்பினேன்.

அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். உங்களுக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான். சீனிக்கும் மாவுக்கும் கூப்பன் புத்தகத்தோடு சங்கக்கடை வாசலில் நின்ற ஆட்கள் நீங்கள். பெட்டிசம் என்ற சொல்லைக் கேட்டால் அந்தக் காலத்தில் பெரியவர்களின் முகம் எப்படி மாறும் என்று பார்த்திருப்பீர்கள். பெயர் போடாமல் மேலிடத்துக்குப் போகிற ஒரு முறைப்பாட்டுத் தாள். அது யாருக்கு எதிராகப் போனது என்பது இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும். யார் எழுதியது என்பதை மட்டும் ஆளுக்கு ஆள் ஊகித்துக்கொண்டே இருப்பார்கள்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். பட்டணத்துக்குப் போவதென்றால் தோணியில் அக்கரைக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. கல்வீட்டில் நாங்கள். ஓலை வேய்ந்த பழைய வீட்டில் பெரியம்மா, அம்மாவின் அக்கா. நடுவில் ஒரு கிணறு. அப்போது வேலி இல்லை. குசினிப் புகைகூட இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத்தான் போய்வந்தது.

பெரியம்மாவின் புருசன் கலியாணம் முடித்த சில வருடத்திலேயே காய்ச்சலில் செத்துப்போனார். பிள்ளை இல்லை. அவர் தேர்தல் காலங்களில் ஒரு பெரிய தலைவருக்காக ஊர் ஊராகச் சைக்கிளில் திரிந்தவர். அவர் செத்த கிழமை அந்தத் தலைவரிடமிருந்து ஓர் அனுதாபக் கடிதம் வந்தது. பெரியம்மா அதைத் தலகணிக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாவாம். அழுகை வரும்போது அந்தக் கையெழுத்தைத் தடவிப் பார்ப்பாவாம். மூன்று நாலு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த ஓர் அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் அதைப் பார்த்துவிட்டு, "இது றப்பர் முத்திரை அக்கா, அவர் இதக் கண்ணாலயும் கண்டிருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா விரலை நாக்கில் தொட்டுக் கையெழுத்தின் வாலில் வைத்து இழுத்துப் பார்த்தா. மை அசையவில்லை. பேனா மை என்றால் ஈரத்தில் இழுபட்டிருக்கும்.

அன்றைக்குத் தொடங்கினதுதான். மெய்யான கையெழுத்து வேண்டும் என்று தலைவர்மாருக்கு எழுதத் தொடங்கினா. வாழ்த்து, ஒரு பேச்சைப் பற்றி ஒரு சந்தேகம், பழைய சட்டம் ஒன்றைப் பற்றி விளக்கம் என்று ஏதாவது காரணம் இருக்கும். புருசன் வாங்கிக் கொடுத்த தமிழ்த் தட்டெழுத்து மெஷின் அவவிடம் இருந்தது. ஊரில் இருந்த ஒரே மெஷின். அதில்தான் ஊர்ப் பெட்டைகளுக்கு ரைப்பிங் படிப்பித்துச் சீவித்தா. காலையில் அந்த முன்னறையிலிருந்து வருகிற சத்தம் சந்திவரைக்கும் கேட்கும், ஓட்டில் புழுங்கல் நெல்லைக் கொட்டுகிற மாதிரி.

பதில்கள் வந்தன. இலட்சினை பதித்த தடித்த உறைகளில். பெரியம்மா உறையை உடைக்க மாட்டா. ஒரு மூங்கில் சீவலால் மெல்லக் கிளப்புவா. தாளை எடுத்து வாசிப்பதற்கு முன்னம் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பா. பேனா அழுந்தின மேடு விரலுக்குப் படவேண்டும். மறுகா வெயிலில் பிடித்துப் பார்ப்பா. கடைசியில் சின்ன விரலின் ஈரம், கையெழுத்தின் வால்நுனியில் மட்டும், எறும்பு தொட்டமாதிரி. பிறகுதான் தீர்ப்பு. தலைவர் தானே வைத்தது மெய்க்கை. காரியதரிசி அவரைப்போல வைத்தது பிறத்திக்கை. மிச்சம் றப்பர்.

"பெரியம்மா, ரெண்டு கடிதத்திலயும் ஒரே மாதிரி அச்சாக் கிடக்கே, அப்ப ரெண்டும் மெய்தானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெய்யான மனிசன் ரெண்டு தரம் ஒரே மாதிரி வைக்க மாட்டான் மனே. ஒரே மாதிரிக் கிடந்தா ஒண்டாவது பொய்."

ஏறாவூரிலிருந்து ஒரு முஸ்லிம் மனிசர், எங்களுக்குக் காக்கா, சைக்கிளில் வருவார், பழைய கடதாசி நிறுத்து வாங்க. அவரிடம் பெரியம்மா சொல்லி வைத்திருந்தா. பழைய காணி உறுதி, வெள்ளைக்காரத் துரைமாரின் நியமனக் கடிதம், கூட்ட அழைப்பு என்று எதிலாவது பேனாக் கையெழுத்துக் கண்டால் அவர் கடைகளுக்குச் சுருள் சுற்றக் கொடுக்காமல் சாரத்து மடிப்பில் வைத்துக் கொண்டுவருவார். மெய்க்கை என்று முடிவாகிவிட்டால் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தோணியில் அக்கரைக்குப் போவா. அங்கே சமாதான நீதவான் ஐயா இருந்தார், எங்களுக்கு ஜே.பி. ஐயா. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்து, பின்பக்கத்தில் "நான் பார்வையிட்டேன்" என்று எழுதி முத்திரை குத்துவார். அந்த முத்திரை அரக்கின் மணமும், வாவியில் எங்கள் தோணிக்குப் பக்கத்தில் துள்ளி விழுகிற மணலை மீன்களும் இன்றைக்கும் எனக்கு ஒன்றாகவே ஞாபகம் வருகின்றன.

அம்மாவும் சில பின்னேரங்களில் மீன் கழுவின கையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து மெஷின் முன்னால் குந்துவா. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவா. "பத்து விரலைத் தந்திருக்கு, நீ ஒண்டோட மினக்கெடுறாய்" என்று பெரியம்மா ஏசுவா. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். நல்ல மனிசன், ஆனால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். சங்கத் தலைவர் வீட்டுக்கே வந்து மேசையில் தாளை வைத்து, "தம்பி, இதில ஒண்டு போடும்" என்பார். அப்பா போடுவார். அந்த வருடம் மாவுக்குப் பெரிய தட்டுப்பாடு. இத்தனை மூடை வந்தது என்று அப்பா கையெழுத்து வைப்பார், கடைக்கு வருகிற மூடை அதைவிடக் குறைவாக இருக்கும். மிச்சம் எங்கே இறங்கியது என்று அப்பாவுக்குத் தெரியும். இரவுகளில் அவர் எழும்பி எழும்பித் தண்ணி குடிப்பதை நான் கண்டிருக்கிறேன். காரணம் எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் பகல் கடையில் சனம் நிற்கும்போது ஜீப் ஒன்று வந்தது. விசாரணை உத்தியோகத்தர் இறங்கினார். கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அப்பாவை வேலையிலிருந்து நிப்பாட்டி வைத்தார்கள். பெட்டிசம் போயிருக்கிறது என்று பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது.

அப்பா கதிரையில் இருந்தபடி ஆட்களைச் சந்தேகிக்கத் தொடங்கினார். முதலில் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். பிறகு பால்காரர். பிறகு ஏறாவூர்க் காக்கா. "கடதாசியோட திரியிற ஆள். கடைக் குப்பையில என்ன பொறுக்கினாரோ?" அம்மா பக்கத்தில் நின்று ஓலை விசிறியால் விசுக்கிக்கொண்டே இருந்தா. பிறகு சங்கத் தலைவர் வந்து குந்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, பெட்டிசம் தமிழில ரைப் அடிச்சிருக்காம்."

அப்பா திரும்பி ஓலைவீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் பொருந்தி வந்தது. அப்படித்தான் ஊர் சொன்னது. இலட்சினை போட்ட கவர் ஏன் அடிக்கடி வருகிறது? ஒரு விதவைப் பொம்பிளைக்குக் கொழும்பில் என்ன கதை? தங்கச்சிக்குக் கல்வீடு, தமக்கைக்கு ஓலைவீடு, வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்? இரண்டு வருடத்துக்கு முன்னம் மாற்றமாகிப்போன மருத்துவிச்சி, வேலை போன கிராமசேவகர், எல்லாப் பழைய பெட்டிசத்தையும் தூக்கிப் பெரியம்மாவின் மெஷின்மேல் வைத்தார்கள்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர், சங்கத் தலைவர், அக்கரையிலிருந்து அழைத்த ஜே.பி. ஐயா, ஊர் ஆம்பிளைகள். பெரியம்மா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தா. நாங்கள் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே பூவரசு மரத்தடியில் நின்று பார்த்தோம்.

அவ பாயை விரித்தா. ஒவ்வொரு கடிதத்தையும், தான் எழுதினதன் பிரதியோடு, சோடி சோடியாக அடுக்கினா.

"நான் எழுதினது இது, அவங்க எழுதினது இது. எல்லாத்தையும் வாசியுங்க. ஒருத்தரைப் பற்றியும் ஒரு வரி இல்ல."

வாசித்தார்கள். வெற்றிலைக் கையோடு, சுருட்டுக் கையோடு தாள்கள் ஆள் மாறி ஆள் போயின. ஒரு கிழவர் ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் சங்கத் தலைவர் சொன்னார்:

"இதுகள் காட்டுறதுக்கு வச்சிருக்கிறதுகள். காட்டாததுகள் எங்க?"

மண்டபம் முழுக்க ஓம் ஓம் என்று தலையாட்டியது. பெரியம்மா ஜே.பி. ஐயாவைப் பார்த்தா.

"ஐயா, எல்லாத்தையும் நீங்க பாத்துத்தானே எழுதித் தந்த நீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்தது கையெழுத்தைத்தான் பிள்ளை. உள்ளுக்க என்ன கிடந்தது எண்டு எனக்குத் தெரியா."

அவர் வாசித்து வாசித்துச் சிரித்ததை, நல்ல தமிழ் என்று பெரியம்மாவைப் பாராட்டினதை நான் பக்கத்தில் இருந்து கண்டவள்.

அப்போது ஒரு ஆள், இதெல்லாம் மெய்தானா என்று பார்ப்போம் என்று சொல்லி, பெரியம்மா செய்வதைக் கேள்விப்பட்டிருப்பார் போல, எச்சிலைத் தொட்டு ஒரு கையெழுத்தின் மேல் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். பெரியம்மா வைத்திருந்த எல்லாவற்றிலும் பெறுமதியானது அதுதான். அதை வைத்த தலைவர் அப்போதே உயிரோடு இல்லை. நீல மை தாள் முழுக்க இழுபட்டது.

"ஓ, மெய்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பெரியம்மா வாங்கினா. பார்த்தா. எல்லாவற்றையும் அடுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டா.

மறுநாள் உத்தியோகத்தர் பெரியம்மாவின் வீட்டுக்கே வந்தார். அப்பாவும் வந்து வளவு வாசல் படலையில் நின்றார். உத்தியோகத்தர் மெஷினில் ஒரு தாளைச் சொருகி எல்லா எழுத்தையும் தட்டிப் பெட்டிசத்தோடு ஒப்பிட்டார். 'ற' கொஞ்சம் கீழே இறங்கி விழுகிற மெஷின் அது. பெட்டிசத்திலும் அப்படித்தான்.

"இந்த மெஷினில அடிச்சதுதான். யார் அடிச்சது?"

பெரியம்மா பெட்டிசத்தைக் கேட்டு வாங்கினா. தலைவர்மாரின் கடிதத்தைப் பார்க்கிற மாதிரியே வெயிலில் பிடித்துப் பார்த்தா. பின்பக்கத்தைத் தடவினா. அவ்வளவு நேரம் அவ எந்தத் தாளையும் பார்த்ததை நான் கண்டதில்லை. பிறகு தலையைத் தூக்கி எங்கள் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தா. அங்கே அம்மா விறகு அடுக்கிக்கொண்டு நின்றா.

"மெஷின் என்ட. கை யாருட எண்டு நான் சொல்ல மாட்டன்."

"சொல்லாட்டி உங்களத்தான் நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

அப்பா படலையில் நின்று கத்தினார். "பாத்தீங்களா மச்சாள், வாயாலயே வந்திட்டு! உங்கட வீட்டுச் சோத்தில இனி எங்கட கை படாது!" அடுத்த கிழமை வேலி வந்தது. கிணற்றை வேலிக்கு நடுவில் விட்டு, அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி. ரைப்பிங் படித்த பெட்டைகள் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். காலையில் சத்தம் இல்லை. எனக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை. வேலியின் இடைவெளிக்குள்ளால் பார்த்தால் பெரியம்மா தனியாக முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பா.

ஏறாவூர்க் காக்கா மட்டும் வழமைபோல் வந்தார். பெரியம்மா பெட்டியைத் தூக்கி அவர் முன்னால் வைத்து, நிறுத்து எடுங்க என்றா. வேலியருகே நின்ற எனக்கு அவர் சொன்னது கேட்டது.

"இத நிறுத்து எடுக்க எனக்கு மனசு வராது தங்கச்சி. அமானிதமா என்ட ஊட்டில வச்சிருக்கன். எப்ப கேட்டாலும் தாறன்."

அடைக்கலப் பொருளாக அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். பெரியம்மா கேட்கவேயில்லை. பிறகு தமிழரும் முஸ்லிம்களும் பகைத்த கெட்ட காலத்தில் அந்த வீடும் இல்லை, அவரும் இல்லை. எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அதைப் பற்றி வாய் திறந்தார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

விசாரணை முடிந்தது. அந்தப் பெட்டிசம் அப்பாவைக் கெடுக்கவில்லை, காப்பாற்றியது. குறைந்த மூடைகள் இறங்கின இடத்தை உத்தியோகத்தர் கண்டுபிடித்தார். சங்கத் தலைவர் பதவி இழந்தார். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் அப்பா மறியலில் அடைபட்டிருப்பார் என்று உத்தியோகத்தரே அம்மாவிடம் சொன்னாராம். அப்பாவை வாகரைப் பக்கம் ஒரு சின்னச் சங்கக்கடைக்கு மாற்றினார்கள். அங்கே அவரிடம் தாளை நீட்ட யாரும் இல்லை. நன்றாக நித்திரை கொண்டார். ஆனால் சாகும்வரைக்கும், "என்னை அழிக்கப் பாத்தா, ஏலாமப் போச்சி" என்று பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டேயிருந்தார். பெரியம்மா ஓலைவீட்டைப் பூட்டிவிட்டுக் களுதாவளையில் ஒரு தூரத்துச் சொந்தத்தோடு போய் இருந்தா.

அப்பா செத்துச் சில வருடம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தா. ஒருநாள் கஞ்சி பருக்கும்போது என் கையைப் பிடித்தா.

"அந்தப் பெட்டிசம் நான் அடிச்சது."

நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன்.

"கொப்பர்ட்ட எத்தின தரம் அழுதன், கையெழுத்து வைக்காதங்க எண்டு. கேக்கல்ல. மறியலுக்குப் போனா உங்கள வச்சிக்கொண்டு நான் எங்க போற? அக்கா தோட்டத்துக்குப் போன நேரம் பாத்துத் தட்டினன். ஒரு பக்கம் அடிக்க ஒரு கிழமை போச்சி."

"பெரியம்மாக்குத் தெரியுமா?"

"தாளைப் பாத்த உடனயே தெரிஞ்சிட்டு அவக்கு. ஒற்றை விரல்தானே, எழுத்தெல்லாம் குத்திக் கிழிச்சிருக்கு. அண்டைக்குக் கிணத்தடியில நான் வாய் திறக்கப் போனன். 'பேசாத. உனக்குப் புள்ளைகள் இருக்கு, எனக்கு யார் இருக்கா' எண்டா. அவ்வளவுதான்."

அப்பா உலகத்தில் எல்லாரையும் சந்தேகித்தார். பக்கத்தில் விசுக்கிக்கொண்டு நின்ற ஆளை ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

நான் அடுத்த பஸ்ஸிலேயே களுதாவளைக்குப் போனேன். பெரியம்மா முற்றத்தில் பாய் போட்டுச் செத்தல் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. முதுகு வளைந்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, உடனே பயந்தது.

"கொம்மாக்கு ஏதும்?"

"இல்ல பெரியம்மா. அம்மா எல்லாம் சொல்லிப்போட்டா."

"என்னத்த?"

"பெட்டிசத்த."

மிளகாயைப் பரவின கை நின்றது. பிறகு மறுபடி பரவத் தொடங்கினா.

"வருத்தத்தில புத்தி தடுமாறியிருக்கும். அத அடிச்சது நான்தான்."

"ஏன் அடிச்ச நீங்க?"

"கொப்பரில எனக்கு ஒரு கோவம்."

"என்ன கோவம்?"

யோசித்தா. வானத்தைப் பார்த்தா, மிளகாயைப் பார்த்தா. எவ்வளவு தேடியும் ஒரு கோபத்தைக் கண்டுபிடிக்க அவவால் முடியவில்லை.

"மறந்து போச்சி" என்றா. "அத விடு. நீ உன்ட புள்ளைகளுக்குச் சொல்லுற எண்டா, பெரியம்மாதான் அடிச்சா எண்டு சொல்லு. விளங்கிச்சா?"

"அம்மாவ வந்து பாருங்களன்" என்றேன். அவ மிளகாயை அப்படியே விட்டுவிட்டுச் சீலை மாற்றிக்கொண்டு வந்தா.

அறைக்குள் போய் அம்மாவின் கட்டிலில், தலைமாட்டில் இருந்தா. எத்தனை வருடம் கழித்துக் கண்டார்கள் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். அம்மா கண்ணைத் திறந்து பார்த்தா. முதலில் சொன்னது அதுதான்:

"அக்கா, நான் புள்ளையிட்டச் சொல்லிப்போட்டன்."

பெரியம்மா அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டா.

"அவள் நம்பல்ல" என்றா. "நான் பாத்துக்கொண்டன். நீ படு."

அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடினா. நான் கதவடியில் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா திரும்பி என்னைப் பார்க்கவில்லை.